எந்த நாட்டுச் சான்றிதழ் வேணும் அண்ணாச்சி?

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இருப்பதுபோல, கட்டட வேலையை நடத்துகிறவனுக்கும் ஒரு லைசென்ஸ் உண்டு, அது இல்லாமல் வேலை நடத்தினால் போலீஸ் பிடிக்கும் என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு மத்தியான நேரத்து மயக்கத்தில் அல்ல, ஒரு கோடை முழுவதும் நம்பினேன். அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தவன், கல்யாணம் ஆனவன். மீசைகூட இருந்தது. அத்தனையும் வைத்துக்கொண்டுதான் நம்பினேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. வீடு தென்காசியில், வேலை குற்றாலத்தில். தென்காசியில் அரிசி மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சி குற்றாலத்தில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு நான்தான் பொறுப்பு. அவர் நல்ல மனநிலையில் இருந்தால் நான் 'இன்ஜினியர் தம்பி', இல்லையென்றால் வெறும் 'வே'. ஒரே வாக்கியத்துக்குள் தம்பியாகத் தொடங்கி வேயாக முடிந்த நாட்களும் உண்டு.

குற்றாலத்தில் லாட்ஜ் கட்டுவது மற்ற ஊர்களில் கட்டடம் கட்டுவது போன்றதல்ல. சாரல் விழத் தொடங்குவதற்கு முன்னால் அறைகள் தயாராக வேண்டும். சீசனைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்வரைக்கும் அங்கே குரங்குகள்தான் வாடகைக்கு இருக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டடம் முடிந்த பிறகு ஆள் வைப்பது என்பதெல்லாம் கிடையாது. முடிந்த அறையில் ஆளை வைத்துவிட்டு முடியாத அறையைக் கட்டுவது. கீழ்த்தளத்தில் திருச்சிக் குடும்பம் அருவியில் குளித்துவிட்டு வந்து குறட்டை விடும். மாடியில் நாங்கள் கான்கிரீட்டைத் தாங்கிநின்ற சென்ட்ரிங் பலகையைப் பிரித்துக்கொண்டிருப்போம். இதை நான் பெருமையாகத்தான் செய்துவந்தேன், அண்ணாச்சி அன்றைக்கு மண்டிக்குக் கூப்பிட்டு அனுப்பும்வரை.

"இன்ஜினியர் தம்பி, இந்த லாட்ஜுக்குப் பின்னால இருக்க இடத்துல கல்யாண மண்டபம் ஒண்ணு போடலாம்னு இருக்கேன்."

"நல்லது அண்ணாச்சி."

"எம் மருமவனுக்குக் கூட்டாளி ஒருத்தரு அமெரிக்காவுல இருந்து வாராரு. அவரு புராஜெக்ட் மேனேஜராம். அங்கன அதுக்குன்னே பரீட்சை வச்சு சர்ட்டிபிகேட் குடுக்காவளாம். சீசனுக்கு இங்கன வரும்போது நம்ம வேலையப் பாத்து, இவன் லாயக்கா இல்லையான்னு சொல்லச் சொல்லிருக்கேன். பெறவு மண்டபத்த யாருகிட்டக் குடுக்கன்னு முடிவு பண்ணுவோம். உம்மகிட்ட அந்த சர்ட்டிபிகேட் இருக்குல்லா?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் 'இல்லை அண்ணாச்சி' என்று சொல்லியிருப்பான். எனக்குப் பயம் வந்தால் நாக்கு தன்னால் வேடிக்கை காட்ட ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் அறையில் அதனாலேயே கூடுதலாக அடி வாங்கியிருக்கிறேன்.

"எந்த நாட்டுச் சான்றிதழ் வேணும் அண்ணாச்சி?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பம்ப்செட் வாங்கும்போதும் அவர் அப்படித்தான் கழற்றி வைப்பார்.

"அப்ப நாட்டுக்கு நாடு வேற வேறயா? எல்லாத்தையும் விசாரியும். எது ஒழைக்கும், எது நம்ம தண்ணிக்குத் தாங்கும்னு பாத்துச் சொல்லும். இருக்கதுலயே நல்லதா ஒண்ண வாங்கிருவோம்."

வெளியே வந்ததும்தான் யோசித்தேன். பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்றால் அது லைசென்ஸ்தானே? அப்படியானால் ஆறு வருஷமாக நான் லைசென்ஸ் இல்லாமல் கட்டடம் ஓட்டிக்கொண்டிருக்கிறேனா? மண்டபம் போவது ஒருபக்கம், நானே உள்ளே போய்விடுவேனோ? அந்த வாரத்தில் ஒருநாள் ஐந்தருவி ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். நான் குதித்து இறங்கி, சைக்கிளை ஒரு புளியமரத்தில் சாய்த்துவிட்டு, மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். பட்டப்பகலில். சட்டை வேறு சிவப்பு.

"சார், எதுக்கு அங்கன போய் நிக்கீய? லாட்ஜ் கட்டுறது நீங்கதான?"

"ஆமா... இல்ல... கட்டுறது கொத்தனாருங்க. நான் சும்மா பாத்துக்கிட்டு நிப்பேன்."

"எங்க வீட்டுப் படி ஒடஞ்சு கெடக்கு. நல்ல கொத்தனாரா ஒருத்தர அனுப்புங்களேன்."

மூன்று கொத்தனார்களை அனுப்பிவைத்தேன். ஒரு படிக்கு.

வீட்டில் சொன்னபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "பரீட்சைன்னா ஒங்களுக்குக் காய்ச்சல் வருமே. அமெரிக்காவுக்கு எந்தக் காய்ச்சல் மாத்திரையக் குடுத்து விடணும்?" இவளிடம் ஆறுதல் தேடியது என் தப்பு.

எனக்கிருந்த ஒரே துணை, கூடப் படித்த ஒருவன். பெரிய கோயில் பக்கத்தில் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தான். உலகத்தில் உள்ள எல்லாப் பரீட்சையையும் அவன் டைப்ரைட்டிங் பரீட்சையின் சித்தி பிள்ளைகளாகத்தான் பார்ப்பான். விஷயத்தைச் சொன்னதும் முதல் கேள்வியாக, "லோயரா, ஹையரா?" என்றான்.

"ஏலே, அதெல்லாம் இல்லலே. புராஜெக்ட் மேனேஜர்."

"அது சரி. லோயர் புராஜெக்ட் மேனேஜரா, ஹையர் புராஜெக்ட் மேனேஜரா? நேரா ஹையர் எழுதலாமா? ஸ்பீடு உண்டா?"

எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த அத்தனை பேரும் லோயர் பாஸ் அல்லது ஹையர் ஃபெயில். இந்த இரண்டு படியும் இல்லாத ஒரு சான்றிதழ் பூமியில் இருக்க முடியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அவன் ஒரு தாளை மெஷினில் சொருகி, 'உலக நாடுகளின் புராஜெக்ட் மேனேஜர் பரீட்சைகள்: ஓர் ஒப்பீடு' என்று தலைப்பு அடித்து, அடிக்கோடும் போட்டான். தலைப்புக்குக் கீழே போட எங்களிடம் ஒன்றுமில்லை.

பழைய பேப்பர் கடையில் தேடினோம். மலைமேல் எஸ்டேட் பங்களாக்களிலிருந்து எடைக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகைகள் அங்கே கிடைக்கும். கட்டடத் தொழில் பற்றிய இங்கிலீஷ் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடைத்தன. பாதிப் பக்கங்கள் ஏற்கெனவே மிக்சர் கட்டப் போயிருந்தன. மிச்சத்தை வைத்து இன்ஸ்டிட்யூட் மாடியில் உட்கார்ந்து உலகத்தை ஒப்பிட்டோம். சுற்றிலும் பெண்பிள்ளைகள் ஏ எஸ் டி எஃப் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் ஒரு சங்கம் இரண்டு மூன்று வருஷங்களாகத்தான் இந்தப் பரீட்சையை நடத்துகிறது என்று தெரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில் கொடுத்திருப்பான், சரியானதைக் காட்ட வேண்டும். அதோடு இத்தனை காலம் வேலை பார்த்திருக்கிறேன் என்று நிரூபிக்கவும் வேண்டும். "ஸ்பீடு இல்ல. லோயர்தான்" என்று அவன் தீர்ப்பு எழுதினான். இங்கிலாந்தில் இப்படி ஒன்று வைக்கலாமா என்று பெரியவர்கள் கூடி யோசித்துக்கொண்டிருந்தார்கள். யோசித்த பக்கத்துக்கு அடுத்த பக்கம் மிக்சருக்குப் போய்விட்டதால் என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரியவில்லை. 'இங்கிலாந்து: ரிசல்ட் நிறுத்திவைப்பு' என்று அடித்தான்.

ஜெர்மனியில் இன்ஜினியர் பட்டத்தையே பேருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்களாம், வேலை நடத்த அதற்குமேல் தனிச் சான்றிதழை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. உடனே என் பேருக்கு முன்னால் டிப்ளமோ என்று போட்டு வாசித்துப் பார்த்தேன். ஏதோ மருந்து பாட்டிலின் பேரை வாசிப்பதுபோல் இருந்தது. ஜப்பானில் கம்பெனியே ஆளைச் சேர்த்து, வளர்த்து, கிழவனாகும்வரை வைத்துக்கொள்ளும், தாளெல்லாம் கேட்காது என்று ஒரு கட்டுரையில் இருந்தது. அண்ணாச்சி என்னைக் கிழவனாகும்வரை வைத்துக்கொள்வதை நினைத்துப் பார்த்துவிட்டு ஜப்பானை வேகமாகக் கடந்தோம். சோவியத் பத்திரிகைகளில் எல்லா மேனேஜர்களும் தலையில் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். சான்றிதழ் பற்றி மூச்சில்லை. "ஒருவேள சிரிப்புதாம்லே பரீட்சை" என்றான் அவன். வளைகுடா நாடுகளைப் பற்றிப் படிக்க வேண்டியே இருக்கவில்லை. ஆய்க்குடியிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் போனவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அங்கே தேவைப்பட்ட ஒரே சான்றிதழ் விசா.

ஆக, பரீட்சை என்று கையில் பிடிக்கிற மாதிரி இருந்தது அமெரிக்கா மட்டும்தான். நண்பன் எனக்கு மாதிரி வினாத்தாள் தயாரித்தான். அதில் ஒரு கேள்வி இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. 'மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டிய நாளில் கொத்தனார்கள் அனைவரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நீர் முதலில் என்ன செய்வீர்? அ. கால அட்டவணையைத் திருத்துவேன். ஆ. முதலாளிக்கு அறிக்கை எழுதுவேன். இ. வேறு ஆட்களை ஏற்பாடு செய்வேன். ஈ. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பேன்.'

நாலையும் இரண்டு தடவை வாசித்தேன்.

"கல்யாணத்துக்குப் போவேன்" என்றேன்.

"அது நாலுல இல்லியேலே!"

"கொத்தனாருங்க பூராம் அங்கனதான இருப்பான்? முதப் பந்தியிலேயே ஒக்காந்து, அவங்க கை கழுவும்போதே வண்டியில ஏத்திக் கூட்டியாந்துரணும். ரெண்டாம் பந்திவரைக்கும் விட்டா வெத்தல போட்டுட்டுப் படுத்துருவான்."

"சரியான விட 'இ'."

"ஏலே, ஊருல இருக்க அத்தன கொத்தனாரும் அந்தக் கல்யாணத்துல இருக்கும்போது வேற ஆள எங்க போய்ப் பிடிப்ப?"

அவன் சிவப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டான். அந்தத் தாளில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பெருக்கல்தான். ஒவ்வொரு கேள்விக்கும் நான் சொன்ன பதில் ஐந்தாவது பதிலாக இருந்தது. சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபம் கைவிட்டுப் போகும், தென்காசியில் வேறு வேலை கிடைக்காது, ஊரைவிட்டுப் போகும் பஸ்ஸிலும் கண்டக்டர் சான்றிதழ் கேட்பார் என்றெல்லாம் யோசித்தேன்.

சாரல் தொடங்கியது. அமெரிக்காக்காரர் வந்துசேர்ந்தார். வெள்ளைக்காரர் இல்லை, அங்கே வேலை பார்க்கிற நம்மாள்தான். கொழுகொழுவென்று, நல்ல மனிதர், பேச்சு சென்னைத் தமிழ். எங்கள் லாட்ஜிலேயே கீழ்த்தளத்தில் முடிந்திருந்த அறையில் தங்கவைத்தோம். வந்தவுடன் கட்டடத்தைப் பார்க்கக் கிளம்பியவரை அண்ணாச்சி விடவில்லை. குற்றாலத்துக்கு வந்த விருந்தாளியிடம் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கவைக்காமல் காரியம் பேசுவது அவரைப் பொறுத்தவரை மரியாதைக் குறைவு. பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்து, "நீரும் படும் வே. ரெண்டு பேரும் படுத்துக்கிட்டே பேசி முடிங்க" என்றார்.

இப்படியாக என் தொழில் வாழ்க்கையின் மிக முக்கியமான நேர்முகத் தேர்வு, மெயின் அருவிக்குப் பக்கத்தில், துண்டு மட்டும் கட்டிக்கொண்டு பலகையில் குப்புறப் படுத்த நிலையில் நடந்தது. இரண்டு மஸாஜ்காரர்கள் எங்கள் முதுகில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மொத்தம் எத்தன..." என்று அவர் தொடங்க, முதுகில் ஒரு சாத்து விழுந்தது. "...ஃப்ளோர்?"

"ரெண்டு சார்!"

"ஷெட்யூல் எப்டி..." இன்னொரு சாத்து. "...பண்றீங்க?"

"சாரல் பண்ணுது சார். நாங்க பின்னாலயே ஓடுதோம்!"

அவர் சிரித்தாரா வலியில் முனகினாரா என்று தெரியவில்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "சார், அந்த சர்ட்டிபிகேட்..." என்று ஆரம்பித்து ஜெர்மனி, ஜப்பான், நிறுத்திவைக்கப்பட்ட இங்கிலாந்து, சிரிக்கும் சோவியத் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கடைசியில் கேட்டும்விட்டேன். "ஒங்களோடது லோயரா ஹையரா சார்?"

"நான் இன்னும் எழுதவே இல்லீங்க" என்றார்.

என் மஸாஜ்காரர்கூட ஒரு நொடி கையை நிறுத்தினார்.

"அங்கயே அது இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. எழுதலாம்னு ஒரு ஐடியா இருக்கு, அவ்ளோதான். கட்டாயமெல்லாம் கெடயாது. விருப்பப்பட்டவங்க எழுதுவாங்க."

"அது இல்லாம வேல பாத்தா போலீஸ் பிடிக்காதா சார்?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எண்ணெய் பூசிய உடம்போடு படுத்துக்கொண்டு அப்படிச் சிரிக்கக் கூடாது. பலகையிலிருந்து வழுக்கி, அவருடைய மஸாஜ்காரரையும் இழுத்துக்கொண்டு கீழே போனார். போன பிறகும் சிரித்தார். சீசன் கூட்டத்தில் பாதிப் பேர் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

குளித்து முடித்ததும் அருவி அதன் வேலையைக் காட்டியது. அவர் புரோட்டாவும் கோழியும் தின்ற தினுசைப் பார்த்து அண்ணாச்சியே தன் இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். பிறகு அறைக்குப் போய்ப் படுத்தவர் கட்டடம் பார்க்கும் நினைப்பே இல்லாமல் தூங்கினார். மறுநாளும் குளியல், புரோட்டா, தூக்கம். கிளம்ப வேண்டிய நாள் காலையில்தான் அவர் எங்கள் வேலையைப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட, எங்கள் வேலை அவரை வந்து பார்த்தது என்பது பொருத்தம். அவர் அறைக்கு நேர் மேலே மாடியில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பலகை கை தவறிக் கீழே போய் அவருடைய ஜன்னலுக்கு வெளியே விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காயப்போட்டிருந்த அவருடைய துண்டுதான் அதோடு போனது. மனிதர் பனியனோடு வெளியே ஓடிவந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"கீழ கெஸ்ட் இருக்காங்க, மேல கன்ஸ்ட்ரக்ஷன் நடக்குதா? உலகத்துல எங்கயுமே இப்படிச் செய்யமாட்டாங்க சார்!" என்று அண்ணாச்சியிடம் கத்தினார்.

முடிந்தது என்று மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே பார்த்தால் அண்ணாச்சியின் முகம் மலர்ந்து கிடந்தது.

"கேட்டீரா தம்பி? ஒலகத்துல ஒருத்தனும் செய்யலியாம்! நாமதான் செய்யுதோம்!"

அமெரிக்காக்காரர் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். காரில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார்.

கார் போன பிறகு அண்ணாச்சி கேட்டார். "ஆமா, அவருகிட்ட அந்த சர்ட்டிபிகேட்டு இருக்கா இல்லியா?"

"இல்லயாம் அண்ணாச்சி. இனிமேதான் எழுதணுமாம்."

"ஒமக்கும் இல்ல, அவருக்கும் இல்ல. அப்பம் எதுக்கு வே அவருக்கு இத்தன கோழி வாங்கிக் குடுத்தேன்?"

மண்டபத்தைப் பற்றி அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நண்பன் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது வினாத்தாள் அடித்து வைத்திருந்தான். சீசன் முடிகிற நேரத்தில் அண்ணாச்சி மறுபடியும் மண்டிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மண்டபத்தையும் நீரே பாரும் என்றார்.

என் அனுபவத்தையோ நேர்மையையோ பற்றி நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து, "எப்படி அண்ணாச்சி எனக்கே குடுக்கணும்னு முடிவு பண்ணுனீக?" என்று கேட்டேன்.

"தென்காசியில ரெண்டு பேருகிட்ட கேட்டேன், வீரகேரளம்புதூர்ல ஒருத்தன்கிட்ட கேட்டேன். எங்கிட்ட வேல பாக்க முடியாதுன்னுட்டானுவோ" என்றார்.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினோம்.